தம் சம்பளத்தைத் தாமே அளப்போர்

உலகில் கூலி பெறுபவர் எவராயினும், அக்கூலியை அளந்து கொடுப்பவர் இன்னொருவராக இருப்பதே வழக்கம். வயலில் அரிவி வெட்டுபவருக்கு நிலச் சொந்தக்காரர் அளக்கிறார். கடைச் சிப்பந்திக்கு முதலாளி கொடுக்கிறார். ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் அரசாங்கம் கொடுக்கிறது. கொடுப்பவர் குறைக்கப் பார்ப்பார். பெறுபவர் கூட்டப் பார்ப்பார். இரண்டுக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் தொகை வந்து நிற்கும். இவ்வழக்கத்துக்குப் புறம்பான தொழில் ஒன்று உண்டென்றால், அது சட்டமியற்றுவோர் தொழிலே. நாட்டின் திறைசேரியிலிருந்து ஒரு சதமேனும் எடுப்பதற்குச் சட்டத்தின் அனுமதி வேண்டும். சட்டம் செய்யும் அதிகாரம் சட்டசபையிடமே இருக்கிறது. ஆகவே சட்டசபை உறுப்பினரின் சம்பளத்தையும் அச்சபையினரே விதித்தாக வேண்டும். அகப்பையும் அவர் கையில். இலையும் அவர் முன்னால்.

அப்படியானால் சம்பளமே வேண்டாம், பொதுப்பணி செய்ய வருவோர் அதைப் பணியாகவே செய்யட்டும் என்று சொல்லிவிடலாமே என நேயர்களிற் சிலர் எண்ணக்கூடும். அழகான எண்ணந்தான். அதை நெடுங்காலம் நடத்திப் பார்த்த நாடு இங்கிலாந்து.

ஆதியில் அங்கும் கூலி இருந்தது. 14ஆம் நூற்றாண்டில், மாகாணத்தின் சார்பில் பாராளுமன்றம் சென்ற வீரப்பட்டத்தாருக்கு நாளொன்றுக்கு 4 சிலிங்கும், நகரத்தின் சார்பில் சென்றவருக்கு 2 சிலிங்கும் கொடுப்பது வழக்கமாயிற்று. கொடுத்தது அரசனல்லன், அனுப்பிய ஊர். இந்தச் செலவுக்கு அஞ்சி, பிரதிநிதி அனுப்பும் உரிமையே வேண்டாம் என்று ஒதுங்கப் பார்த்த சிறு நகரங்களும் இருந்தன. காலம் மாறியது. பாராளுமன்ற ஆசனம் மதிப்புள்ள பொருளாயிற்று. கூலி வேண்டாம், இடந்தந்தாற் போதும் என்று வரும் செல்வர் பெருகினர். தம் கைப்பணத்தைச் செலவிட்டு இடம் பிடிக்கவும் அவர்கள் ஆயத்தமாயிருந்தனர். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கூலி கொடுக்கும் வழக்கம் அற்றுப்போயிற்று. 1710ஆம் ஆண்டில் அதற்கு மேலும் ஒரு படி சென்றனர். மாகாண உறுப்பினராக விரும்புவோருக்கு நிலத்திலிருந்து ஆண்டுக்கு 600 பவுண் வருமானமும், நகர உறுப்பினராக விரும்புவோருக்கு 300 பவுண் வருமானமும் இருக்க வேண்டுமென்று சட்டமே செய்தனர். சம்பளமில்லாத சபை தூய்மையான சபையாக இருந்ததோ இல்லையோ, நிலப்பிரபுக்களின் சபையாக இருந்தது.

இதனை நன்குணர்ந்தவர்கள் சாசன இயக்கத்தார் எனப்பட்ட தொழிலாளர். 1838ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட மக்கள் சாசனத்தில் ஆறு கோரிக்கைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, பாராளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் வேண்டும் என்பது. வியப்பான செய்தி அன்றோ? அரை வயிற்றுக் கஞ்சிக்குப் போராடிய மனிதர், தங்களை ஆள்வோருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று கேட்டு, 1839, 1842, 1848ஆம் ஆண்டுகளில் மூன்று முறை பெரும் விண்ணப்பங்களைச் சுமந்து சென்றனர். நெசவுத் தறியை விட்டு ஒருவன் வெஸ்ற்மின்ஸ்ரருக்குப் போனால் அவன் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! விண்ணப்பங்கள் யாவும் தள்ளப்பட்டன. பின்னர் தொழிற்சங்கங்கள் தம் அங்கத்தவரிடம் திரட்டிய பணத்தால் தொழிலாளர் பிரதிநிதிகளைத் தாங்கின. 1909ஆம் ஆண்டில், ஒஸ்போன் என்னும் புகையிரதத் தொழிலாளி தொடுத்த வழக்கில், சங்கப் பணத்தை அவ்வாறு அரசியலுக்குச் செலவிடலாகாது என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதன் பிறகே, 1911ஆம் ஆண்டில், நிதியமைச்சர் லொயிட் ஜோர்ஜ் ஆண்டுக்கு 400 பவுண் வழங்க ஏற்பாடு செய்தார். அப்போதும் அதைச் சம்பளம் என்று சொல்ல அவருக்கு நாக்கூசியது. இது சம்பளமன்று, ஊதியமன்று, வசதியற்றோர் வந்து பணி செய்ய உதவும் ஒரு படி மாத்திரமே என்று சபைக்கு விளக்கினார்.

ஆகவே சம்பளம் வேண்டும் என்பது முடிந்த விஷயம். யார் விதிப்பது என்பதே முடியாத விஷயம். அதனை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாற்றைப் போன்ற நல்ல பாடம் வேறில்லை.

அந்நாட்டின் அரசியலமைப்பை வகுக்க 1787ஆம் ஆண்டுக் கோடையில் பிலடெல்பியா நகரிற் கூடிய மகாநாட்டில் இக்கேள்வி பன்முறை எழுந்தது. 81 வயதான பெஞ்சமின் பிராங்கிளின், ஆட்சித் தலைவருக்குச் சம்பளமே கூடாது என்றார். அதிகார ஆசையும் பண ஆசையும் தனித்தனியே வலியன. இரண்டையும் ஒரே பதவியில் வைத்துக் காட்டினால் வெறி கொண்டவரே அப்பதவிக்கு ஓடி வருவர் என்பது அவர் வாதம். கிழவர் எழுதி வந்ததை இன்னொருவர் வாசித்தார். எல்லோரும் மரியாதையோடு கேட்டனர், எவரும் பின்பற்றவில்லை. பின்பொருநாள், தென் கரோலினாவின் தளபதி பிங்க்னி, செனற் சபை நாட்டின் செல்வத்தைப் பிரதிநிதித்துவம் செய்வது, எனவே அதன் உறுப்பினருக்குச் சம்பளம் வேண்டாம் என்று பிரேரித்தார். பிராங்கிளின் அதனை ஆமோதித்தார். ஆறு மாநிலங்கள் எதிர்க்க, ஐந்து ஆதரிக்க, ஒரே வாக்கால் அது தோற்றது. அந்த ஒரு வாக்கு மறுபக்கம் விழுந்திருந்தால் அமெரிக்க வரலாறு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது சுவையானது.

சம்பளத்தை மாநிலங்கள் கொடுப்பதா, பொதுத் திறைசேரி கொடுப்பதா என்பது அடுத்த கேள்வி. அதுவரை இருந்த முறையில் ஒவ்வொரு மாநிலமும் தன் பிரதிநிதிகளைத் தானே தாங்கியது. கொடுக்கும் கைக்கே வேலையாள் கட்டுப்படுவான். மாநிலம் சம்பளம் கொடுத்தால் உறுப்பினர் மாநிலத்தின் சிப்பந்தியாவார், நாட்டின் பிரதிநிதியாக மாட்டார் என்று பலர் அஞ்சினர். ஈற்றில் பொதுத் திறைசேரியே கொடுப்பது என்று முடிவாயிற்று. அப்படியானால் தொகையை விதிப்பது யார்? அப்போது 36 வயதினரான ஜேம்ஸ் மடிசன் எழுந்து, தம் கூலியைத் தாமே விதிக்கும்படி விடுவது நாகரிகமற்றது, நாளடைவில் ஆபத்தாகவும் முடியும் என்றார். அவர் காட்டிய மாற்று வழி நெல்லும் புல்லும் அறிந்த நேயர்களுக்கு எளிதில் விளங்கும். காசின் பெறுமதி ஏறும், இறங்கும். ஆகவே கோதுமையை, அல்லது அதுபோல் நிலையான பெறுமதியுள்ள வேறொரு பொருளை அளவுகோலாக வைத்துச் சம்பளத்தை அரசியலமைப்பிலேயே எழுதிவிடலாம் என்றார் அவர். கூலியை நெல்லாக அளந்த நம் நாட்டுக் கமக்காரர் இதைக் கேட்டிருந்தால், இதில் என்ன புதுமை என்று கேட்டிருப்பர். மகாநாட்டார் ஏற்கவில்லை. சம்பளம் சட்டத்தினால் நிச்சயிக்கப்படும் என்ற ஒரு சொற்றொடருடன் நின்றது அரசியலமைப்பு. சட்டத்தை யார் செய்வது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

மடிசன் அதோடு விடவில்லை. 1789ஆம் ஆண்டில் முதலாவது காங்கிரஸ் கூடியபோது, குடிமக்களின் உரிமைகளைக் காக்கும் திருத்தங்களை அவர் கொண்டுவந்தார். அவற்றினிடையே சம்பளத்தைப் பற்றிய ஒரு சிறு திருத்தமும் இருந்தது. உறுப்பினரின் சம்பளத்தை மாற்றும் எந்தச் சட்டமும், இடையில் ஒரு பொதுத் தேர்தல் நடந்து முடியும்வரை நடைமுறைக்கு வராது என்பதே அதன் சாரம். அதாவது, கூட்டிக் கொள்ளலாம். ஆனால் கூட்டியவர் முதலில் வாக்காளர் முன் போய் நிற்க வேண்டும். திரும்பி வந்தால் பெறலாம், வராவிட்டால் வருகிறவர் பெறுவார். எவ்வளவு எளிய உபாயம்! அகப்பையை ஒருவர் கையிலிருந்து பிடுங்கவில்லை; அவர் பரிமாறுவதற்கும் உண்பதற்கும் இடையில் ஒரு நாழிகையை வைத்தது, அவ்வளவே.

1789ஆம் ஆண்டு செப்ரெம்பர் 25ஆம் திகதி காங்கிரஸ் பன்னிரண்டு திருத்தங்களை மாநிலங்களுக்கு அனுப்பியது. சம்பளத் திருத்தம் அவற்றில் இரண்டாவது. 1791ஆம் ஆண்டு முடிவதற்குள் மூன்றாவது முதல் பன்னிரண்டாவது வரையுள்ள பத்தும் போதிய மாநிலங்களின் சம்மதம் பெற்று, உரிமைச் சாசனம் என்ற பெயரில் புகழ் பெற்றன. சம்பளத் திருத்தத்துக்குச் சம்மதம் தந்தவை ஆறு மாநிலங்களே. அது தோற்கவும் இல்லை, வெல்லவும் இல்லை. சம்மதத்துக்குக் கால எல்லை எதுவும் எழுதப்படாததால், கதவைச் சாத்தாமலே எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டனர்.

முதற் காங்கிரஸ் தன் உறுப்பினருக்கு விதித்த சம்பளம், சபைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் 6 டொலர். கால் நூற்றாண்டு காலம், ஏறக்குறைய அதே தொகை நின்றது. 1816ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கென்ரக்கி மாநிலத்து றிச்சட் ஜோன்சன் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். நாட்கூலியை ஒழித்து, ஆண்டுச் சம்பளமாக 1,500 டொலர் கொடுப்பது என்றது அது. வாதம் நியாயமாகவே இருந்தது: நாட்கூலி கொடுத்தால் கூட்டத்தை நீட்டத் தோன்றும், ஆண்டுச் சம்பளம் கொடுத்தால் வேலையை விரைந்து முடிக்கத் தோன்றும். யுத்தத்தின் பின் விலைவாசியும் ஏறியிருந்தது. பிரதிநிதிகள் சபையில் 81 பேர் ஆதரிக்க, 67 பேர் எதிர்க்க, மசோதா சில நாட்களிலேயே நிறைவேறியது. ஆனால், அது நடந்து கொண்டிருந்த காங்கிரசுக்கே, அதன் தொடக்க நாளிலிருந்தே பொருந்தும் என்றிருந்தது. அங்கேதான் நெருப்புப் பற்றியது.

மறுபக்கத்தில், நாளுக்கு ஒரு டொலர் கண்டறியாத விவசாயி ஒருவன் 1,500 என்ற தொகையைக் கேள்விப்படுகிறான். நாட்கூலி என்பது அவனுக்குப் புரியும்; அவனும் நாட்கூலி கொடுப்பவன் அல்லது பெறுபவன். வேலை செய்யாத நாளுக்கும் சேர்த்துக் கொடுக்கும் ஆண்டுச் சம்பளம் என்பது அரண்மனை உத்தியோகத்தரின் வழக்கமாக அவனுக்குத் தோன்றியது. ஊர் ஊராகக் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. மசோதாவை எதிர்த்து வாக்களித்தவர்களும், பணத்தை வாங்கினீரா இல்லையா என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் விழித்தனர். அவ்வாண்டுத் தேர்தல் முடிந்தபோது, பிரதிநிதிகள் சபை உறுப்பினரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் திரும்பி வரவில்லை. சிலர் தோற்றனர், பலர் தோல்வியைக் கண்டு அஞ்சிப் போட்டியிலேயே இறங்கவில்லை.

சபாநாயகராயிருந்த ஹென்றி கிளேயின் பாடும் திண்டாட்டமாயிற்று. நாவன்மையிற் சிறந்த அவர், தம் தொகுதியில் ஒரு கிழட்டு வேடனைச் சந்தித்தாராம். பழைய ஆதரவாளனான அவன் இம்முறை முகத்தைத் திருப்பிக் கொண்டான். “உன்னிடம் நல்ல துப்பாக்கி இருக்கிறதா?” என்று கேட்டார் கிளே. இருக்கிறது என்றான். “அது எப்போதாவது வெடிக்காமல் ஏமாற்றியதுண்டா?” ஒரு முறை உண்டு என்றான். “அப்போது அதை எறிந்துவிட்டாயா?” இல்லை, கல்லைச் சரிபார்த்து மறுபடி முயன்றேன் என்றான். “அப்படியானால் என்னை மாத்திரம் எறிந்துவிடுவாயா?” என்றார் கிளே. வேடன் மனமிரங்கினான் என்பது கதை. கதை உண்மையோ, பின்னால் வந்தோர் கட்டியதோ, கிளே வென்றது உண்மை. அடுத்த கூட்டத்தில் தம் மனத்தை மாற்றிக் கொண்டதும் உண்மை. மசோதாவைக் கொண்டுவந்த ஜோன்சனே அதை நீக்கவும் முன்னின்றார். 1817ஆம் ஆண்டு தொடக்கத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் அந்தக் காங்கிரஸ் முடியும்வரை 1,500 டொலர் செல்லும் என்று வைத்துக் கொள்ள அவர்கள் மறக்கவில்லை. 1818இல் நாட்கூலி 8 டொலராக விதிக்கப்பட்டது. அதன் பிறகு முப்பத்தேழு ஆண்டுகள் எவரும் இப்பேச்சை எடுக்கத் துணியவில்லை எனலாம். 1850களின் நடுவிலேயே மீண்டும் ஆண்டுச் சம்பளம் வந்தது.

பாடம் எவ்வளவு கடுமையாயினும் இரண்டு தலைமுறையில் மறந்துபோகும் போலும். 1873ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் திகதி, 42ஆவது காங்கிரஸ் கலையும் நாள். மறுநாள் ஜனாதிபதி கிராண்ட் இரண்டாவது முறை பதவியேற்க இருந்தார். அன்று நிறைவேறிய செலவின மசோதா ஒன்றின் உள்ளே, ஜனாதிபதியின் சம்பளத்தை 25,000 டொலரிலிருந்து 50,000 ஆக்கும் ஏற்பாடும், காங்கிரஸ் உறுப்பினரின் சம்பளத்தை 5,000இலிருந்து 7,500 ஆக்கும் ஏற்பாடும் சேர்ந்திருந்தன. மாசசூசெற்ஸ் மாநிலத்து பெஞ்சமின் பட்லர் இதற்கு முன்னின்றவர். உயர்வு இரண்டாண்டு பின்னோக்கியும் செல்லும் என்று எழுதியிருந்தனர். அதனால் ஒவ்வொருவர் கையிலும் 5,000 டொலர் மொத்தமாக விழுந்தது. தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போகிறவருக்கும் அது உண்டு. செய்து முடித்த வேலைக்கு, பேசி முடித்த கூலிக்கு மேல், வாசலைத் தாண்டும்போது அள்ளிக் கொண்டு போவதை மக்கள் எப்படிப் பார்ப்பர்? ‘சம்பளப் பறிப்பு’ என்று அதற்குப் பெயர் வைத்தனர். வரலாற்று நூல்களிலும் அப்பெயரே நிலைத்தது.

எதிர்ப்பைக் கண்டு பலர் பணத்தைத் திறைசேரிக்குத் திருப்பினர். செலவினக் குழுவின் தலைவராயிருந்தவரும் பின்னாளில் ஜனாதிபதியானவருமான ஜேம்ஸ் கார்பீல்ட் அவர்களுள் ஒருவர். அவருடைய சொந்த மாநிலமான ஒஹாயோ ஒரு விநோதமான காரியம் செய்தது. எண்பத்து நான்கு ஆண்டுகளாகத் தூசு படிந்து கிடந்த மடிசனின் திருத்தத்தைத் தேடி எடுத்து, 1873ஆம் ஆண்டு மே மாதத்தில் அதற்குச் சம்மதம் தெரிவித்தது. வேறு மாநிலம் எதுவும் பின்தொடரவில்லை. 1874 ஜனவரியில் காங்கிரஸ் தன் உயர்வைத் தானே நீக்கியது. ஜனாதிபதியின் உயர்வையும் உயர் நீதிமன்ற நீதிபதிகளின் உயர்வையும் தொடவில்லை. அவ்வாண்டு இறுதியில் நடந்த தேர்தலில் ஆளுங்கட்சி பிரதிநிதிகள் சபையை இழந்தது. 1873இன் பொருளாதார வீழ்ச்சியும் அதற்குப் பெருங் காரணம். பழியைச் சம்பளத்தின் மேல் மாத்திரம் போடுவது நியாயமாகாது.

20ஆம் நூற்றாண்டில் சம்பளம் மெல்ல ஏறியது. 1925இல் 10,000, பொருளாதார மந்த காலத்தில் குறைக்கப்பட்டது, 1955இல் 22,500, 1969இல் 42,500. இதற்கிடையில் உறுப்பினர்கள் வேறொரு வித்தையைக் கண்டுபிடித்தனர். 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓர் ஆணைக்குழு நான்கு ஆண்டுக்கொருமுறை சிபாரிசு செய்யும். ஜனாதிபதி தொகையை அறிவிப்பார். காங்கிரஸ் மறுக்காவிட்டால் அது தானாகவே நடைமுறைக்கு வரும். கையை உயர்த்தி வாக்களிக்க வேண்டியதில்லை. கையைக் கட்டிக் கொண்டிருந்தாற் போதும். 1987ஆம் ஆண்டில் நடந்தது இம்முறையின் உச்சம். சம்பளம் 77,400இலிருந்து 89,500 டொலராக உயர இருந்தது. பிரதிநிதிகள் சபை அதை மறுத்து வாக்களித்தது; ஆனால் தவணை நள்ளிரவோடு முடிந்த மறுநாள்! எதிர்த்த பெயரும் கிடைத்தது, பணமும் கிடைத்தது.

1989இல் அந்த அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. ஒரேயடியாக நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் உயர்த்தி 135,000 டொலராக்கும் சிபாரிசு வந்தபோது, மக்களைத் திரட்டியது வானொலி. நிகழ்ச்சி நடத்துவோர் நேயர்களிடம், 1773ஆம் ஆண்டில் பொஸ்ரன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலிற் கொட்டிய செய்தியை நினைவூட்டி, காங்கிரசுக்குத் தேயிலைப் பொட்டலங்களை அனுப்பச் சொன்னார்கள். தபால் மூடைகளில் தேயிலை வந்து குவிந்தது. தவணை முடியுமுன் இரு சபைகளும் உயர்வை மறுத்தன. அவ்வாண்டு இறுதியில் வேறொரு சட்டம் செய்யப்பட்டது: தனியார் கூட்டங்களிற் பேசிப் பெறும் பரிசுப் பணத்துக்குத் தடை, அதற்கீடாக ஒரு சம்பள உயர்வு, அதன் மேல் நாட்டின் பொதுக் கூலியேற்றத்தை ஒட்டி ஆண்டுதோறும் தானாகச் சேரும் சிறு உயர்வு. இருநூறு ஆண்டு கழித்து மடிசனின் கோதுமை வேறு வேடத்தில் திரும்பி வந்தது போலும் இது.

மடிசனின் திருத்தமோ வேறு வழியில் வந்து கொண்டிருந்தது. 1982ஆம் ஆண்டில், ரெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஒஸ்ரின் நகர வளாகத்தில் கிறகரி வாட்சன் என்னும் மாணவர், அரசியற் பாடத்துக்குக் கட்டுரை எழுதப் பொருள் தேடிக் கொண்டிருந்தார். நூலகத்தில் ஒரு புத்தகத்தில் இப்பழைய திருத்தம் கண்ணிற் பட்டது. கால எல்லை இல்லாததால் அது இன்னும் உயிரோடிருக்கிறது, மாநிலங்கள் விரும்பினால் இன்றும் அதை நிறைவேற்றலாம் என்று வாதாடி எழுதினார். கட்டுரைக்குக் கிடைத்தது மூன்றாந் தரப் புள்ளியான ‘சீ’. முறையிட்டும் பயனில்லை. புள்ளி கொடுத்தவரை முழுக்கக் குறை கூறவும் முடியாது. 1921ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், திருத்தங்களுக்கான சம்மதம் ஒரே காலத்து மக்களின் எண்ணத்தைக் காட்ட வேண்டுமென்று கூறியிருந்தது. ஆனால் 1939ஆம் ஆண்டில், காலம் கடந்ததா இல்லையா என்பதைக் காங்கிரசே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டது. அந்த இடைவெளியிலேதான் வாட்சன் நுழைந்தார்.

அவருக்குப் பதவியில்லை, இயக்கமில்லை, பணமுமில்லை. மாநிலச் சட்டசபை உறுப்பினர்களுக்குக் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். பெரும்பாலோர் பதிலே எழுதவில்லை. 1983இல் மேயின் மாநிலம் சம்மதித்தது, 1984இல் கொலறாடோ. வயோமிங் மாநிலம் 1978இலேயே, ஒரு சம்பள உயர்வைக் கண்டித்துச் சம்மதம் கொடுத்திருந்த செய்தி பின்னர் தெரியவந்தது. மாநிலச் சட்டசபைகளுக்கு இது இனிப்பான வேலை. தம் சம்பளத்தில் ஒரு சதம் குறையாமல், தலைநகரத்தாரின் சம்பளத்துக்குக் கடிவாளம் போடும் வாய்ப்பை எவர்தாம் விடுவர்? வாட்சன் தம் கைப்பணத்தில் ஏறத்தாழ 6,000 டொலர் தபாலுக்கும் பிறவற்றுக்கும் செலவிட்டார். ஒவ்வொரு சம்பள உயர்வும், ஒவ்வோர் ஊழற் செய்தியும் அவருக்குத் துணை வந்தன. 1992ஆம் ஆண்டு மே 7ஆம் திகதி மிச்சிகன் மாநிலத்தோடு தேவையான 38 என்ற எண் நிறைந்தது. அனுப்பப்பட்ட நாளிலிருந்து 202 ஆண்டும் ஏழு மாதமும் கழிந்திருந்தன.

காங்கிரசின் நிலைமை இரங்கத்தக்கது. இத்தனை காலம் கடந்த சம்மதம் செல்லுமா என்று ஐயுற்றவர் அங்கே இருந்தனர். ஆனால் அதைச் செல்லாது என்று சொல்ல வேண்டியவர்கள், அதனாற் கட்டுப்படுத்தப்படுகிறவர்களே. தேர்தல் ஆண்டு வேறு. பிரதிநிதிகள் சபையில் 414 பேர் ஏற்க, மூவர் மாத்திரம் மறுத்தனர். செனற் சபையில் 99 பேரும் ஏற்றனர். அது 27ஆவது திருத்தமாயிற்று. 2017ஆம் ஆண்டில், பழைய கட்டுரையின் புள்ளியைப் பல்கலைக்கழகம் ‘ஏ’ என்று மாற்றிக் கொடுத்தது.

திருத்தம் வந்ததும் பிரச்சினை தீர்ந்ததா? ஆண்டுதோறும் தானாகச் சேரும் சிறு உயர்வு திருத்தத்துக்கு மாறானதென்று வழக்கு வந்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அவ்வுயர்வுகளுக்கும் இடையில் தேர்தல் நடந்துவிட்டதே, தடையில்லை என்று 1994இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் நீதிமன்றம் அனுமதித்ததை அச்சம் அனுமதிக்கவில்லை. 2009ஆம் ஆண்டில் சம்பளம் 174,000 டொலரை எட்டியது. அதன் பின்னர் ஆண்டுதோறும், தானாக வரவேண்டிய உயர்வை வேண்டாமென்று சட்டஞ் செய்து தள்ளி வந்திருக்கின்றனர். 2024ஆம் ஆண்டு வரையில் விலைவாசி ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிற்று; சம்பளம் அதே இடத்தில் நின்றது. பேராசைக்குப் போட்ட கடிவாளம் என்று இதைக் கொண்டாடுவோர் உண்டு. ஆனால் இரண்டு வீட்டுச் செலவைத் தாங்கக்கூடிய செல்வர்க்கே சபை மெல்ல மெல்ல உரியதாகிவிடும் என்ற பழைய கவலை இங்கே மறுபடி எட்டிப் பார்க்கிறது. அதே நாட்டில் நியூ ஹம்ஷயர் மாநிலத்தின் பிரதிநிதிகள் சபையில் 400 பேர் இருக்கின்றனர். 1889ஆம் ஆண்டு முதல் அவர்களுக்குச் சம்பளம் இரண்டாண்டுக்கு 200 டொலர். அங்கே சட்டஞ்செய்ய வருவோரில் ஓய்வு பெற்றோரும் வசதி உள்ளோரும் மிகுந்திருப்பதில் வியப்பில்லை.

நேராகக் கொடுக்க அஞ்சினால், பணம் கோணலாகப் போகும் வழியைத் தேடும் என்பதற்கு இங்கிலாந்து சான்று. சம்பளத்தை உயர்த்தி வசை கேட்க விரும்பாத அரசாங்கங்கள், வீட்டுப்படி முதலிய படிகளைத் தாராளமாக்கின என்பது பலர் கண்ட முடிவு. 2009ஆம் ஆண்டில் அப்படிகளின் விவரம் பத்திரிகையொன்றில் வெளியாயிற்று. ஓர் உறுப்பினர் தம் குளத்து வாத்துகளுக்கு மிதக்கும் வீடு வாங்கிய 1,645 பவுணுக்குக் கணக்கு நீட்டியிருந்தார். அது கொடுக்கப்படவில்லை என்றாலும், அந்த வாத்து வீட்டை நாடு மறக்கவில்லை. சபாநாயகர் பதவி விலகினார். பொய்க் கணக்குக் காட்டியவர் சிலர் சிறை சென்றனர்.

அதன் பின்னர் ஆங்கிலேயர் செய்தது, மடிசன் தேடியதற்கு மிக அண்மையில் வருவது. சம்பளத்தை விதிக்கும் அதிகாரத்தையே சபையிடமிருந்து எடுத்து, ஒரு சுயாதீன அதிகார சபையிடம் ஒப்படைத்தனர். சிபாரிசு செய்யும் ஆணைக்குழு அன்று. முடிவு செய்யும் சபை. 2015ஆம் ஆண்டில் அச்சபை, படிகளையும் ஓய்வூதியத்தையும் இறுக்கி, சம்பளத்தை 67,060 பவுணிலிருந்து 74,000 பவுணாக உயர்த்தியது. அரசாங்க ஊழியருக்கு நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் உயர்வில்லை என்றிருந்த காலம். பிரதமர் டேவிட் கமரன் எதிர்த்தார், எதிர்க்கட்சியினரும் எதிர்த்தனர். ஆனால் விதிக்கும் அதிகாரத்தை விட்டுக் கொடுத்தபோது, மறுக்கும் அதிகாரத்தையும் அவர்கள் விட்டுக் கொடுத்திருந்தனர். பணம் அவரவர் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. வேண்டாமென்றவர்கள் தத்தம் தொகுதியிலுள்ள தருமநிதிகளுக்கு அதை எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.